நாலு வெள்ளி டாக்சி

போன செவ்வாய்க்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். நல்ல மழை. வாசலில் ஒரே ஒரு டாக்சி நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மீட்டரின் மேல் பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தான் டிரைவர்.

"தம்பி, மீட்டருக்கு என்னாச்சு?"

"அதுக்கு ஒடம்பு சரியில்லை பெரியவரே. மழை நாள்லே வேலை செய்யாது லா."

வெயில் நாளில் செய்யுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் இறக்கிவிட்டிருப்பான். வழக்கமாகக் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்கு சொன்னான். பேரம் பேசினேன். பேரம் என்பது பெரிய வார்த்தை. "கொறைச்சுக்கக் கூடாதா?" என்றேன். "கூடாது" என்றான். "சரி" என்றேன். ஐம்பது வருஷமாக என் பேரம் இந்த மூன்று வாக்கியத்தைத் தாண்டியதில்லை.

கோபம் வரவில்லை எனக்கு. சிரிப்புதான் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் பெட்ரோல், பழைய தோல் மெத்தை, சாமி படத்துக்குச் சுற்றியிருந்த மல்லிகைச் சரம் எல்லாம் கலந்து ஒரு வாசம் அடித்தது. அந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு வயது இருபத்திரண்டு ஆகிவிடும். மடியில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டில் தேங்காயும் பழமும், பக்கத்தில் பாக்கியம் அக்கா, முன்னால் ஆ லோக். வெளியே வெயில் கொளுத்துகிற கோலாலம்பூர் பத்து ரோடு.

இதைச் சொல்வதற்கு முன்னால் கொசு பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கோலாலம்பூர் முழுக்க அதுதான் ஓடியது. பஸ் என்று பெயரே தவிர, ஒரு காரைக் கொஞ்சம் இழுத்து நீட்டிக் கூரை போட்டது மாதிரி இருக்கும். ஏழு பேர் உட்காரலாம். ஒன்பது பேர் உட்காருவோம். எதிர் எதிராக உட்கார்ந்தால் என் முட்டி உங்கள் முட்டியை இடிக்கும், உங்கள் கூடை என் மூக்கை இடிக்கும். கொசு மாதிரி இண்டு இடுக்கில் புகுந்து, கைகாட்டின இடத்தில் நின்று, கைகாட்டாத இடத்திலும் நின்று, "ஏறு ஏறு, எடம் இருக்கு" என்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். இடம் இருக்காது. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லியே இடம் உண்டாக்கிவிடுவார்கள். ஒரு நாள் என் மடியில் ஒருவர் சேவலை வைத்துவிட்டு, "பிடிச்சுக்குங்க, இதோ வந்துடறேன்" என்று கூரையில் மூட்டை ஏற்றப் போனார். நான் இறங்க வேண்டிய இடம் வந்து, தாண்டியும் போயிற்று. சேவலை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் செந்தூல் வரைக்கும் போய் நடந்து திரும்பினேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கு இதிலேயே தெரிந்திருக்கும்.

அந்தக் கொசு பஸ்ஸெல்லாம் ஒரு நாள் நின்றுபோயின. ஓட்டுகிறவர்கள் முதலாளிக்கு நாள் வாடகை கட்டிவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். முதலாளிமார் சேர்ந்து பேசிக்கொண்டு வாடகையைக் கூட்டினார்கள். ஓட்டுகிறவர்களும் சேர்ந்து பேசிக்கொண்டு வண்டியை நிறுத்தினார்கள். ஸ்ட்ரைக்.

முதல் நாள் ஊருக்கே குஷி. ஏதோ திருவிழா மாதிரி எல்லாரும் கும்பல் கும்பலாக நடந்தோம். நடந்தால் பசி எடுக்கும், பசித்தால் உடம்புக்கு நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஐந்தாம் நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. ரிக்‌ஷாக்காரர் விலை ஏற்றினார். செங்கல் சுமக்கிற மாட்டு வண்டிக்காரர்கூட, "உக்காரணும்னா ஒரு வெலை, காலைத் தொங்கப் போடணும்னா ஒரு வெலை" என்றார். டாக்சிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ரயில்வே ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். குடையும் கோட்டுமாக ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு டாக்சியைக் கை காட்டி விலை கேட்டார். டிரைவர் சொன்னான். கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "தம்பி, நான் சவாரிக்கல்லோ கேட்டனான். காரை விலைக்குக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. கீரை விற்கிற அம்மாளிடம் விலை கேட்டால்கூட, "காரை வெலைக்குக் கேக்கறீங்களா?" என்று சிரித்தாள்.

அந்த டிரைவர்தான் ஆ லோக். சீனர். எங்கள் தெருவுக்குப் பின்னால் செங்கல் சூளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஸ்டேஷனுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் காரை நிறுத்தி வைத்திருப்பார். தமிழில் பேசுவார், தமிழில் திட்டுவார், தும்மினால் "முருகா" என்பார். இப்படி அநியாயமாக வாங்குகிறீர்களே என்று நான் ஒரு நாள் கேட்டதற்கு அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"பஸ் வந்த நாள்லேருந்து என் கார்லே ஈதான் ஏறுது. ஈ காசு குடுக்குமா? இப்பத்தான் மனுசன் ஏறுறான். கண்ணு வெக்காதே தம்பி."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எல்லார் பேச்சும் நியாயமாகத்தான் படும். அதனால்தான் பேரம் வரவில்லை.

பேரம் என்றால் பாக்கியம் அக்கா. என் சிநேகிதன் தங்கவேலுவின் உடன்பிறந்த அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, ரயில்வே யார்டில் பெட்டி கோத்துவிடும் வேலையில் சேர்த்துவிட்டவள். பாசாருக்குள் அக்கா நுழைந்தால் ஒரு சத்தம் இல்லாத பரபரப்பு தெரியும். கடைக்காரர்கள் அவசரமாக விலையைக் கூட்டிக்கொள்வார்கள், அக்கா இறக்குவதற்கு இடம் வேண்டுமே. "என்கிட்ட வெலை சொல்றவன் மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லணும்" என்பாள். அவளிடம் இரண்டு உத்தி உண்டு. ஒன்று, எந்தச் சாமானுக்கும் முன்கூட்டி விலை பேசக் கூடாது. ஆளை வாசலுக்கு வரவழைத்துவிட்டால் வெறுங்கையோடு போக அவனுக்கு மனசு வராது. இரண்டாவது, பாதிப் பேச்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடுவான். கூப்பிட்டால் வென்றாயிற்று. தன்னை இதுவரை ஒருத்தரும் ஏமாற்றினதில்லை என்பதுதான் அக்காவின் நகை நட்டு, நிலம் நீச்சு எல்லாம்.

ஆனால் இந்த வித்தை தங்கவேலுவின் தலையில் விடிந்தது. இரண்டு இடத்தில் அவனுக்குப் பெண் பேசி இரண்டும் முறிந்தன. ரவாங்கில் கல்யாணத் தேதியைப் பேரம் பேசியே கெடுத்தாள். கிள்ளானில் பெண் வீட்டார் முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்றார்கள். அக்கா நூற்றைம்பது என்றாள், அப்புறம் நூற்றிருபது என்றாள். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "விட்டா பொண்ணையும் பாதியாக் கேப்பீங்க போல" என்றார். தங்கவேலுவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யார்டில் எல்லாரும், "என்னப்பா, அடுத்த எடத்துலே அக்கா எவ்வளவு கொறைச்சாங்க?" என்று கேட்டுக் கேட்டே அவன் வாயை மூட வைத்திருந்தார்கள். ஏற்கனவே அதிகம் பேசாதவன்.

மூன்றாவதாக வந்த இடம் செத்தாபாக். பெண் பெயர் செல்லம்மா. கோயிலில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த தங்கவேலு அன்று ராத்திரி என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே எதுக்கும் வரலைடா." அவன் அப்படி ஒன்றை விரும்பிக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செல்லம்மாவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வீராசாமிதான் எல்லாம். அவர் கையால் முதல் தட்டை வாங்கினால்தான் நிச்சயம், வாங்காவிட்டால் இல்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்று தரகரிடம் அக்கா கேட்டாள். "மோட்டார் லைன்லே பெரிய கை" என்றார் தரகர். போதாதா? எங்கள் மனசில் வீராசாமி நாலைந்து காருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மாட்டு வண்டியில் போய் இறங்க முடியுமா? காரில்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. நிச்சயத்துக்குக் குறித்த நாள் ஸ்ட்ரைக்கில் ஒன்பதாம் நாளாக விழுந்தது. தேதியைத் தள்ளலாம் என்று மச்சான், அதாவது அக்காவின் புருஷன், மெல்லச் சொன்னார். ரவாங்கில் தேதியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட அக்கா அதற்கு மட்டும் இணங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அரசாங்க விடுமுறை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். அக்கா, மச்சான், தங்கவேலு, பக்கத்து வீட்டு அம்மணி அத்தை என்று நாலு பேர். இரட்டைப்படையில் போகக் கூடாது என்பதற்காக என்னையும் சேர்த்தார்கள். எனக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. "படிச்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்" என்றாள் அக்கா. நானும் நம்பி, இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே ஐந்தாவது எண்ணாக நின்றேன்.

அதற்கு முதல் நாளே ஆ லோக்கை வரச் சொல்லியிருந்தாள் அக்கா. வாடகை எத்தனை வெள்ளி, எத்தனை காசு? "அதை வாசல்லே வெச்சுப் பேசிக்கலாம்." அவளுடைய முதல் உத்தி.

ஒன்பது இருபத்தைந்துக்கு கார் வந்து நின்றது.

"செத்தாபாக் எவ்வளவு?"

"ரெண்டு வெள்ளி."

"ஒரு வெள்ளி. எப்பவும் அதானே?"

"எப்பவும் பஸ் ஓடும்."

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது உத்தி. உள்ளே போய், ஏற்கனவே அடுக்கியிருந்த தட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். காது மட்டும் வாசலில் இருந்தது. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். ஆ லோக் கூப்பிடவில்லை. ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார், காற்றிடம் சொல்வது மாதிரி.

"அதுக்கென்ன?" என்று உள்ளேயிருந்து குரல்.

"பத்தரைக்கு ராகு."

உள்ளே தட்டுச் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தாள்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"இருவது வருசமா உங்க ஆளுங்களைத்தானே ஏத்துறேன்? திங்கள் ஏழரை, செவ்வாய் மூணு, புதன் பன்னெண்டு. கல்யாணத்துக்குப் போறவன் ராகுக்கு முந்தி ஓடுவான். நான் தெரிஞ்சு வெச்சுக்கணும் லா."

ஸ்டியரிங் பக்கத்தில் ராகு காலச் சீட்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியே வைத்திருந்தார். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கு" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் செத்தாபாக் போய்ச் சேரும் வரைக்கும் அவர் அதற்கு மேல் பேசவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"சரி, ஒன்னரை" என்றாள் அக்கா.

"இப்போ ரெண்டரை. மணி ஒம்பது முப்பத்தஞ்சு."

"இப்பத்தானே ரெண்டுன்னே?"

"அப்போ ஒம்பது இருவத்தஞ்சு."

அதற்குப் பிறகு அக்கா பேசப் பேச விலை ஏறியது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பேரம் மேல்நோக்கிப் போவதை அவள் பார்த்தாள். தடுக்கத் தெரியவில்லை. மூன்று வெள்ளி ஆனபோது ஆ லோக் எங்களை எண்ணினார். பிறகு எங்கள் கையிலிருந்த தட்டுகளையும் எண்ணினார்.

"அஞ்சு ஆள். அஞ்சு தட்டு."

"தட்டு என்ன ஆளா?"

"அதுவும் ஒக்காருதே?"

"மடியிலே ஒக்காருது!"

"மடியிலே ஒக்காந்தா கொழந்தை. கொழந்தைக்கு அரை ஆள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கவேலுவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். வேட்டி சரசரக்க நடந்து போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான் அவன்.

"அக்கா. ஏறுக்கா."

அதில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அக்கா ஏறினாள். நாலு வெள்ளி.

கார் புறப்பட்டது. பத்து ரோட்டில் ஒரு வரிசையாகக் கொசு பஸ்கள் நின்றன. கண்ணாடியில் காய்ந்த இலை. ஓட்டுகிறவர்கள் நிழலில் குந்திச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்து ஒருவர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். ஆ லோக் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு நாள் முன்னால் ஒரு டாக்சியின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டதாகப் பேச்சு.

ஆற்றைத் தாண்டினதும் அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"யாராவது கேட்டா ஒரு வெள்ளி. யார் கேட்டாலும் ஒரு வெள்ளி. காருக்காரர் வீடு, கேட்டாலும் கேப்பாங்க. நாலு வெள்ளி குடுத்தேன்னு தெரிஞ்சா இளிச்சவாச்சின்னு நெனைப்பாங்க."

நாங்கள் தலையாட்டினோம்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு இறங்கினோம். பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை, வாசலில் செம்பருத்தி. நாலைந்து காரையும் காணோம். உள்ளே ஆணியில் ஒரு காக்கித் தொப்பி தொங்கியது. பாயில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். வீராசாமி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கறுத்து, திரண்ட தோள், ஒரு வாரத் தாடி. எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்தேன். அவர் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. "ஏறு ஏறு, எடம் இருக்கு." செத்தாபாக் கொசு பஸ்ஸை ஓட்டுகிறவர். தரகர் சொன்னது பொய் இல்லை. மோட்டார் லைன்தான், ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அந்தக் கையும் பெரிய கைதான்.

வீராசாமி வாசலில் நின்ற டாக்சியைப் பார்த்தார்.

"டாக்சியிலயா வந்தீங்க? நல்லது, நல்லது. எவ்வளவு வாங்கினான்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரே வெள்ளிதாண்ணே. அவன் என்னென்னவோ கேட்டான். என்கிட்டயா?"

மெச்சுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஒரு வெள்ளியா? இன்னிக்கா?"

"ஆமாண்ணே."

"எப்பவும் வாங்கற அதே ஒரு வெள்ளியா?"

"அதேதான்."

வீராசாமி ஆணியில் தொங்கிய காக்கித் தொப்பியைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஒம்பது நாளா அடுப்புலே பாதி நாள் நெருப்பு இல்லை. நேத்து பாதிப் பேரு வேலைக்குத் திரும்பிடலாம்னான். நான்தான் சொன்னேன், ஊர் தவிக்குதுடா, டாக்சிக்காரன் மூணு மடங்கு வாங்கறான், முதலாளி எறங்கி வருவான், இன்னும் ரெண்டு நாள் பொறுங்கன்னு. ஒரு வெள்ளிதானா? அப்போ நாங்க வண்டியை நிறுத்துனது எவனுக்கும் தெரியலை."

எழுந்து, "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். செல்லம்மாவின் அம்மா பின்னாலேயே ஓடினார். "அண்ணே, நேரம் போகுதுண்ணே" என்று கெஞ்சுவது கேட்டது. "எனக்கு இப்போ மனசு சரியில்லை. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னதும் கேட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். தங்கவேலு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. கதவிடுக்கில் செல்லம்மாவின் சேலை நுனி தெரிந்தது, அப்புறம் அதுவும் உள்ளே போயிற்று.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்து, "நீ வா" என்றாள். படித்த ஆளுக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். துணைக்கு ஒரு உயிர் வேண்டும், அவ்வளவுதான்.

வீராசாமி பின்னால் விறகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே."

"சொல்லு தங்கச்சி."

"ஒரு வெள்ளி இல்லேண்ணே."

"அப்புறம்?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டரைன்னு வெச்சுக்குங்களேன்."

பாருங்கள், உண்மையைச் சொல்வதிலும் அவளுக்குப் பேரம்தான். வீராசாமி வறட்சியாகச் சிரித்தார். "என்னைச் சமாதானப்படுத்தறதுக்கு ஏத்திக்கிட்டே போறே. வேணாம்மா. மாப்பிள்ளை நல்ல பையன்தான். இன்னொரு நாள் வாங்க."

அக்கா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீரா வியர்வையா என்று எனக்குத் தெரியாது.

"நாலுண்ணே. நாலு வெள்ளி குடுத்தேன். என்னை ஏமாத்திட்டான். நான் ஏமாந்துட்டேன்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்ட முதல் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வீராசாமி அவளை உற்றுப் பார்த்தார். நம்பலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"தவுக்கே" என்று சீன முதலாளியைக் கூப்பிடுவதுபோல் ஆ லோக்கைக் கூப்பிட்டார். "இங்கே வா. இவங்ககிட்ட எவ்வளவு வாங்கினே?"

ஆ லோக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்காரர் என்று தெரிந்துவிட்டது. உடைந்த டாக்சிக் கண்ணாடி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒரு வெள்ளி" என்றார் உடனே. "ஒரே வெள்ளிதான், சத்தியமா. முருகன் மேலே சத்தியம்."

வீராசாமி தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். அப்போது அக்கா போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், அந்தச் சந்தில் இருந்த அத்தனை வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"அடப்பாவி! ஒரு வெள்ளியா வாங்கினே? ஒம்பது இருவத்தஞ்சுக்கு ரெண்டுன்னே, முப்பத்தஞ்சுக்கு ரெண்டரைன்னே! ராகு காலத்தைக் காட்டி என் கழுத்தைப் பிடிச்சியே! சொல்லுடா! என்னை நீ ஏமாத்தலே?"

"இல்லே அக்கா, நான் ஏமாத்தலே..."

"ஏமாத்தினேடா! ஊரறிய ஏமாத்தினே! தட்டெல்லாம் கொழந்தைன்னு சொல்லி, தட்டுக்கு அரை ஆள் கணக்குப் போட்டியா இல்லையா?"

வீராசாமி நின்றார். "என்னது? தட்டுக்கா?"

"தட்டுக்குண்ணே! தேங்காய்த் தட்டு, பூத்தட்டு, எல்லாத்துக்கும்!"

"தட்டுக்கு அரை ஆளா?"

ஆ லோக் தலையைக் குனிந்துகொண்டார். "மடியிலே ஒக்காந்துச்சு" என்றார் மெதுவாக.

இதை யாரும் இட்டுக்கட்ட முடியாது என்று வீராசாமிக்குத் தெரிந்துவிட்டது. முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. செம்பருத்திச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு வெள்ளி! தட்டுக்கும் சேத்து நாலு வெள்ளி!" என்று எதிர் வீட்டுக்காரரிடம் கத்தினார். அவரும் பஸ் ஓட்டுகிறவர்தான். "கேட்டியாடா? இன்னும் ரெண்டு நாள் நிக்கலாம்டா!" ஆ லோக்கின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "நீ வாங்கு தவுக்கே, நல்லா வாங்கு. நாளைக்கு அஞ்சு வாங்கு. உள்ளே வா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

முதல் தட்டை அவர் கையில் வாங்கியபோது பத்து இருபத்தாறு. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னவர் ஆ லோக்தான். "இன்னும் நாலு நிமிசம் இருக்கு, அவசரம் இல்லை" என்று எங்களுக்குத் தைரியம் வேறு சொன்னார். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். சாப்பிட்டு முடித்து, திரும்பிப் போக எவ்வளவு என்று மச்சான் பயந்துகொண்டே கேட்டார். "ராகு காலத்துலே உங்க ஆளு எவனும் கார் ஏற மாட்டான். இப்பவே வந்தா ஒரு வெள்ளி" என்றார். ஒருவரும் ஏறவில்லை. பன்னிரண்டு வரைக்கும் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனோம். மூன்று வெள்ளி. அக்கா பேரம் பேசவில்லை.

ஸ்ட்ரைக் அதற்கப்புறம் மூன்று நாள் நடந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது என்று சொன்னார்கள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை வீராசாமியே தன் கொசு பஸ்ஸில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஏழு பேர் வண்டியில் பதினான்கு பேர். தட்டெல்லாம் இனாம்.

ஏமாந்ததை ஊர் நடுவில் கத்திச் சொன்ன பிறகு அக்கா அந்தக் கதையை வேறு யாரையும் சொல்ல விட்டதில்லை. தானேதான் சொல்வாள். செல்லம்மாவின் மூத்த பிள்ளைக்குத் தொட்டில் போட்ட அன்று அது ஐந்து வெள்ளி. காது குத்தும்போது ஏழு. யுத்தம் முடிந்த பிறகு பத்து. விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறியது. கடைசியாக நான் கேட்டபோது பதினெட்டு வெள்ளிக்கு வந்திருந்தது. வீராசாமி உயிரோடு இருந்த வரைக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் மாதிரி, "அவ்வளவா வாங்கினான்!" என்று தொடையில் அடித்துக்கொள்வார். தங்கவேலுவும் செல்லம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருவரும் திருத்தினதில்லை.

யுத்தத்துக்குப் பிறகு ஆ லோக்கை அந்த மரத்தடியில் பார்க்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். மரத்தையும் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிவிட்டார்கள். கொசு பஸ்களும் போய்விட்டன. பெரிய பஸ் வந்தது, அதில் ஒருவர் முட்டியும் ஒருவரை இடிக்கவில்லை. வீராசாமி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பாக்கியம் அக்கா போன வருஷம் தையில் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் செராஸில் தங்கவேலுவின் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்துப் பேரப்பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, அந்த டாக்சிக் கதை சொல்லுங்க" என்றார்கள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பாவம், அவனுக்குப் பேச வராது, பொய்யும் வராது.

"ஸ்ட்ரைக் நேரம். செத்தாபாக் போறதுக்கு நாலு வெள்ளி வாங்கிட்டான்" என்றான்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் சின்னவள்.

"அவ்வளவுதான்."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுப்படி வாசலில் நின்றிருந்த செல்லம்மா, "அண்ணி இருந்திருந்தா இந்நேரம் இருவதுக்குப் போயிருக்கும்" என்றாள்.

தங்கவேலு என்னைப் பார்த்தான். ஏற்றிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நாலு வெள்ளி நாலு வெள்ளியாகவே நின்றுவிட்டது.